நம்பர் காத்த அண்ணன்

மனிதர்களில் நம்பர்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். நம்பர்க்காரர் இல்லாத அலுவலகம் இல்லை, சங்கம் இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. பத்துப் பேருக்குத் தேவையான ஒரு பொருளையோ, ஒரு தகவலையோ, ஓர் அலமாரிச் சாவியையோ எப்படியோ தன் கைக்குள் கொண்டுவந்து, அதன்பின் அந்தக் கையை வாழ்நாள் முழுதும் மூடியே வைத்திருப்பவர்தான் நம்பர்க்காரர். அவர் திருடர் அல்ல. கஞ்சரும் அல்ல. நீங்கள் கேட்டால் உதவி செய்வார். நேரில் வந்து செய்வார். மழையில் நனைந்துகொண்டுகூட வருவார். எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லித் தரமாட்டார்.

முற்காலத்தில் இவர்கள் சங்கத்தின் ரப்பர் முத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். கோயில் ஒலிபெருக்கியில் எந்த ஒயரை எதில் சொருகினால் சத்தம் வரும் என்பதைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். திருவிழா அன்று ஐயர் மந்திரம் சொல்ல வாயைத் திறந்தபடி நிற்க, ஊரே அந்த ஒரு மனிதர் சைக்கிளில் வந்து சேரக் காத்திருக்கும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நம்பர்க்காரர்களின் பொற்காலமும் கூடவே வந்தது.

ஏன் தெரியுமா? கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. அதற்குள் ஒரு குறுந்தட்டிலிருந்து உயிர் ஏற்ற வேண்டும். உயிர் ஏற்றும்போது பாதி வழியில் அது நின்று, ‘உங்கள் உரிம எண்ணைத் தருக’ என்று ஒரு கட்டத்தைக் காட்டும். பணம் கொடுத்து வாங்கியவர்தானா நீங்கள் என்று சோதிப்பதற்காக, செய்து விற்ற கம்பெனி வைத்த காவல் அது. சரியான எண்ணை அடித்தால் மேலே போகும். இல்லையென்றால் கடைசிவரை அங்கேயே நிற்கும். ஆக, அந்த எண் யாரிடம் இருக்கிறதோ அவரே அலுவலகத்தின் அரசர்.

எங்கள் அரசரின் பெயரே அரசுதான். முழுப்பெயர் திருநாவுக்கரசு. அரசண்ணன் என்று கூப்பிடுவோம்.

எங்கள் அலுவலகம் பினாங்கு துறைமுகத்துக்கு எதிரே, வெல்ட் கீ என்ற கடலோரத் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குத் தேவையான காகிதங்களைத் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். நாங்கள் ஐந்தே பேர். முதலாளி கூ, அவரைத் தவுக்கே என்போம். தலைமைக் குமாஸ்தா அரசண்ணன். மோட்டார் சைக்கிளில் காகிதங்களைக் கொண்டு போகும் இஸ்மாயில். சுங்கப் படிவங்களை நிரப்பும் நான். இவர்களோடு, தொண்ணூற்றேழாம் வருடம் சேர்ந்த ஜெயலெட்சுமி. கப்பல் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் அடிப்பது அவள் வேலை.

கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கியது அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால், சூலியா தெருவில் மீரா சாகிப் என்பவரின் கடையில். தட்டு இருந்த உறையின் பின்புறம் பதினேழு இலக்கங்கள் கொண்ட எண் ஒரு சிறிய காகிதத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதை முதலில் பார்த்தவர் அரசண்ணன். பார்த்த அன்றே தேநீர்க் கெட்டிலின் ஆவியில் அந்த உறையைக் காட்டி, காகிதத்தைக் கிழியாமல் உரித்து எடுத்தார். மூன்று நாள் மனப்பாடம் செய்தார். நான்காம் நாள் தவுக்கேயின் சாமி மாடத்தில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியில் அதைப் பொசுக்கிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“இனிமே பயமில்ல,” என்றார்.

எங்களுக்கு அதற்கு முன்னால் பயமே இருந்ததில்லை. பயத்தைக் கொடுத்தவர் அவர்தான். அந்த எண் உலகத்திலேயே எங்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது என்றார். அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தகத்தில் எங்கள் கம்பெனியின் பெயருக்கு நேராக அது எழுதப்பட்டிருக்கிறது என்றார். ஓர் இலக்கம் தப்பாக அடித்தால் அங்கே மணி அடிக்கும். மூன்று தடவை தப்பினால் கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், தவுக்கேயையும் சேர்த்து. அந்தச் சமயத்தில் ஊரில் கள்ளத் தட்டு விற்பவர்களை அரசாங்க அமைச்சிலிருந்து வந்து பிடிக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்துகொண்டிருந்ததால், தவுக்கே முதல் ஆளாக நம்பினார். எங்கள் கம்ப்யூட்டருக்குத் தொலைபேசி இணைப்பே கிடையாதே, மணி எந்த வழியாக அமெரிக்காவுக்குப் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூளை என்பது அடுத்தவர் கதை கேட்கும்போது மட்டும் வேலை செய்யும் உறுப்பு.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மாதம் ஒருமுறையாவது படுத்துவிடும். மறுபடி உயிர் ஏற்ற வேண்டும். அப்போது நடக்கும் சடங்கைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அரசண்ணன் முதலில் பெருமூச்சு விடுவார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். “எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்க” என்பார். தவுக்கே உட்பட நாங்கள் அனைவரும் கடைவாசல் நடையில் வரிசையாகப் போய் நிற்போம். வெயிலில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே யாராவது செத்துவிட்டார்களா என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள். பத்து நிமிடம் கழித்துக் கதவு திறக்கும். பிரசவ அறையிலிருந்து வரும் டாக்டரைப் போல அரசண்ணன் வெளியே வந்து, தலையை ஒருமுறை ஆட்டுவார். தவுக்கே அவருக்குத் தேநீர் வாங்கிவர இஸ்மாயிலை அனுப்புவார். தன் காசில்!

ஜெயலெட்சுமி வந்து இரண்டு மாதமானதும் ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள்.

“அண்ணே, அந்த நம்பர நான் ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கட்டுமா? நீங்க லீவு எடுத்தா உதவுமில்ல?”

அரசண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

“அப்ப நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு. நீ போகும்போது நம்பரும் கூடவே போயிடும். அப்புறம் நான் யார போய் கேக்கிறது?”

அவள் பேனாவை மூடி வைத்தாள். உங்களால் இதற்குப் பதில் சொல்ல முடியுமா? நம்பர்க்காரர்கள் சொல்லும் காரணங்களின் அழகே இதுதான்: அர்த்தம் இருக்காது, ஆனால் முடிந்துவிட்டதைப் போல ஒலிக்கும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று அரசண்ணன் லீவு. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் எடுத்த லீவுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அன்றைய காரணம் நியாயமானது. அவருடைய ஒரே மகள் தவமணிக்கு நிச்சயதார்த்தம். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் அவர் வீட்டில், பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்றவேண்டும். ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் எங்களுக்கும் அன்று ஒரு நல்ல நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ரப்பர் கையுறைகள் நிறைந்த நான்கு கண்டெய்னர்கள் வடக்கு பட்டர்வொர்த்தில் கப்பலுக்காகக் காத்திருந்தன. அவற்றுக்கான காகிதங்கள் பகல் ஒரு மணிக்குள் அடுத்த தெருவிலிருந்த கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சனிக்கிழமை ஒரு மணிக்கு அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். தவறினால் கண்டெய்னர்கள் கரையிலேயே கிடக்கும், அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான். கையுறைக் கம்பெனி எங்களை விட்டுப் போய்விடும். ஜெயலெட்சுமியின் வேலை நிரந்தரமாகும் கடிதத்தில் தவுக்கே அந்த மாதக் கடைசியில்தான் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகை ஒடித்துக்கொண்டு வீட்டோடு இருந்தவர். அந்தக் கையெழுத்தை நம்பி ஐந்து பேர் இருந்தார்கள்.

காலை எட்டரைக்குக் கம்ப்யூட்டர் படுத்தது.

ஜெயலெட்சுமி பதறவில்லை. வாசலில் நின்றபடி, கதவு இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து, நம்பரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் கற்றுவைத்திருந்தாள். தட்டைப் போட்டாள், கேட்டதற்கெல்லாம் பதில் கொடுத்தாள். ஒன்பது மணிக்கு அந்தக் கட்டம் வந்து நின்றது. அவள் அரசண்ணன் வீட்டுக்குப் போன் செய்தாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

“அண்ணே, மன்னிச்சுக்குங்க. கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. நம்பர மட்டும் சொல்லுங்க, நானே அடிச்சுடறேன்.”

“போன்ல சொல்ற விஷயமா இது? லைன்ல யாரு கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு தெரியுமா?”

“அப்ப நான் அங்க வரட்டுமாண்ணே? காதுல சொல்லுங்க.”

“வா, பாக்கலாம்.”

அவள் ஓடினாள். ஃபெரியில் ஏறி, அக்கரையில் இறங்கி, டாக்சி பிடித்து வீட்டை அடைந்தபோது பத்து மணி. வாசலில் வாழைமரம், கூடத்தில் பாயில் இரு வீட்டுக்காரர்களும் எதிர் எதிராக, நடுவில் தட்டுகள். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற பெண்ணைப் பார்த்துக் கூடமே பேச்சை நிறுத்தியது. பட்டு ஜிப்பாவும் வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருந்த அரசண்ணன் எழுந்தார். அவர் முகத்தில் கோபமா இருந்தது? இல்லை. வருத்தமா? அதுவும் இல்லை. பெண்ணைப் பெற்றவருக்கு அன்று வரவேண்டிய அத்தனை மகிழ்ச்சியும் அப்போதுதான் வந்தது.

“ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க,” என்று சம்பந்தியிடம் சொன்னார். “நான் இல்லாட்டி கப்பல் கெளம்பாது.”

“அப்படியா!” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மரியாதையோடு காலை மடக்கிக்கொண்டு. “சம்பந்தி துறைமுகத்துல அவ்வளவு பெரிய ஆளுன்னு தெரியாம போச்சே!”

அரசண்ணன் மனைவி வள்ளிநாயகி அவரைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனார்.

“இன்னைக்குமா? ஒரு நம்பர் தானே, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லி அனுப்புங்களேன்.”

“உனக்கு இதெல்லாம் புரியாது. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன். தட்டு மாத்தறதுக்கு முன்னாடி நிப்பேன், பாரு.”

கல்யாணப் பெண் அறைக் கதவருகே நின்று, அப்பா செருப்பு மாட்டுவதைப் பார்த்தாள்.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குத் திரும்பி வரும் ஃபெரிக்குத்தான் டிக்கெட் உண்டு, போவதற்கு இல்லை. அதையும் ஜெயலெட்சுமியே எடுத்தாள். மேல்தட்டில் காற்று வேட்டியைப் பிடுங்கியது. ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் அவள் கடைசியாக ஒருமுறை கெஞ்சினாள்.

“இங்கேயே சொல்லிடுங்கண்ணே. நான் ஓடிப்போய் அடிச்சுக்கிறேன். நீங்க இதே ஃபெரில வீட்டுக்குத் திரும்பிடலாம்.”

அரசண்ணன் சுற்றிலும் பார்த்தார். கோழிக்கூண்டோடு ஒரு சீனக் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மலாய் மாணவிகள் கடலை தின்றார்கள்.

“கூட்டமா இருக்கும்மா,” என்றார்.

ஃபெரி கரையை நெருங்க நெருங்க அவர் உதடுகள் ஓயாமல் அசைந்தன. மகளுக்காக வேண்டிக்கொள்கிறார் என்று ஜெயலெட்சுமி நினைத்தாள்.

பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பெருமூச்சு, கைக்கடிகாரம், “எல்லாரும் வெளியில நில்லுங்க” எல்லாம் முறைப்படி நடந்தன. நாங்கள் வாசலில் நின்றோம். பத்து நிமிடம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. பதினைந்து ஆயிற்று. தவுக்கே சிகரெட்டைப் பற்றவைத்து, புகைக்காமலே கையில் வைத்திருந்தார். இஸ்மாயில் மோட்டார் சைக்கிளை உதைத்து, நிறுத்தி, மறுபடி உதைத்தான்.

“என்னலா இது? இவ்வளவு நேரம் ஆகாதே!” என்றான்.

இருபது நிமிடம் ஆனதும் ஜெயலெட்சுமி, இதுவரை எவரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பின்னால் சாத்திக்கொண்டாள்.

அதற்குப்பின் உள்ளே நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு வருடம் கழித்து ஜெயலெட்சுமியே சொன்னாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. நானும் யாரிடமும் சொல்லவில்லை. எழுதத்தான் எழுதுகிறேன்.

அரசண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பட்டு ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது. திருநீறு வழிந்து புருவத்தில் நின்றது. மேசை முழுக்கச் சிறு சிறு காகிதங்கள், எல்லாவற்றிலும் எண்கள், எல்லா எண்களும் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. திரையில், கொடுத்த எண் தவறு என்ற அறிவிப்பு.

“நான் கூப்பிட்டேனா?” என்றார். குரலில் அதிகாரம் இல்லை, பழக்கம் மட்டும் இருந்தது.

“எத்தன தடவண்ணே அடிச்சீங்க?”

“எண்ணல.”

அமெரிக்காவில் உண்மையிலேயே மணி இருந்திருந்தால், அந்நேரம் அந்த நாடே செவிடாகிப் போயிருக்கும்.

மெல்ல மெல்லச் சொன்னார். பதினேழு இலக்கத்தையும் அவர் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார். கொஞ்சம் அவர் பழைய காரின் எண், கொஞ்சம் வீட்டு எண், கொஞ்சம் சேமநிதி எண், நடுவில் கல்யாண தேதி. ஒரு மாதமாக மகளுடைய ஜாதகம், பத்திரிகை, மண்டபத்தின் போன் நம்பர், மாப்பிள்ளை வீட்டுப் போன் நம்பர் என்று புதிய எண்கள் உள்ளே புகுந்து, பழையவற்றை இடம் மாற்றி உட்காரவைத்துவிட்டன.

“எல்லாம் இருக்கும்மா. எது முன்னாடி, எது பின்னாடின்னுதான் புரியல. கல்யாண தேதி மட்டும் சரியா தெரிஞ்சா புடிச்சுடுவேன்.”

“யாரு கல்யாண தேதி?”

“என்னோடது.”

அவள் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வீட்டுக்குச் சுற்றினார்.

“வள்ளி, நான்தான். நம்ம கல்யாணம் பதினாறாந்தேதியா, பத்தொம்பதாந்தேதியா?”

மறுமுனையில் மேளம் கேட்டது. அதையும் மீறி வள்ளிநாயகியின் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி வந்தது.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பொண்ணு அழுதுக்கிட்டு நிக்கிறா. இருவத்தேழு வருஷத்துல ஒரு தடவகூட கேக்காதத இப்ப எதுக்குக் கேக்கிறீங்க?”

தேதியைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டார்.

அரசண்ணன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மறந்துடுச்சு ஜெயா,” என்றார். அதுவரை அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கி எதிரே இருந்த கடலில் போடலாம் என்று தோன்றியதாகச் சொன்னாள். ஆனால் நேரம் பதினொன்று இருபத்தெட்டு. கோபப்படக்கூட நேரமில்லை. கடைசி முயற்சியாக எதையாவது பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரைச் சுற்றித் தடவியபோது, பெட்டியின் பக்கவாட்டில், கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்ட ஒரு பச்சை ஒட்டி கண்ணில் பட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேலாக எல்லோரும் தினமும் பார்த்த ஒட்டி. சுற்றினாள்.

“மீரா சாகிப் கடையா? எங்களுக்கு நீங்கதான் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தீங்க. அந்த உரிம நம்பர் தொலைஞ்சு போச்சு. உங்ககிட்ட எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா பாய்?”

“எழுதி வைக்கிறதா? எதுக்கு? பென்சில் இருக்காம்மா? எழுதிக்க.”

மீரா சாகிப் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலப் பதினேழு இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொன்னார். இடையில் கடைக்கு வந்த யாருக்கோ பாக்கியும் கொடுத்தார்.

“பாய், எங்க ஆபீஸ் நம்பர எப்படி இவ்வளவு ஞாபகமா வச்சிருக்கீங்க?”

“உங்க ஆபீஸ் நம்பரா?” மீரா சாகிப் சிரித்த சிரிப்பு போனிலிருந்து வழிந்து மேசையில் கொட்டியது. “அது பினாங்கு நம்பர்லா! நான் போட்டுக் கொடுத்த எல்லா பெட்டிக்கும் அதே நம்பர்தான். ஒரு நாளைக்கு பத்து பேராவது போன் பண்ணி கேக்கிறாங்க. பக்கத்து ரொட்டிக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும், நான் சாப்பிடப் போயிட்டா அவருதான் சொல்லுவாரு.”

ஜெயலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அரசண்ணன் காதில் விழுந்திருந்தது. அவர் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். அவள் உட்கார்ந்து அடித்தாள். கட்டம் மறைந்தது. கீழே ஒரு நீலக் கோடு மெல்ல நீள ஆரம்பித்தது.

அரசண்ணன் மேசையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கி ஜிப்பாப் பைக்குள் திணித்தார்.

“பினாங்கு நம்பராம்,” என்றார் அரசண்ணன்.

“நீங்க கெளம்புங்கண்ணே. அதிர்ஷ்டம் இருந்தா தட்டு மாத்தறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம்.”

“எப்படிப் போறது? எல்லாரும் வெளியில நிக்கிறாங்களே.”

பட்டு ஜிப்பாவில், புருவத்தில் திருநீறோடு, கதவைப் பார்க்கப் பயந்து ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை. போய்க் கதவைத் திறந்தாள். சிகரெட்டோடு நின்ற தவுக்கேயிடம் மலாயில் சொன்னாள், எல்லாம் தயார், அண்ணன் போட்டுவிட்டார் என்று. நாங்கள் கைதட்டினோம். ஆமாம், நானும் தட்டினேன். தவுக்கே அரசண்ணனின் தோளைப் பிடித்துக் குலுக்கி, ஃபெரித் துறைவரை தன் காரிலேயே கொண்டு விட்டார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இஸ்மாயில் காகிதங்களை ஏஜென்ட் மேசையில் வைத்தான். கண்டெய்னர்கள் கப்பலேறின. மாதக் கடைசியில் ஜெயலெட்சுமிக்குக் கையெழுத்தும் கிடைத்தது.

ஃபெரி தாமதமாகி அரசண்ணன் வீட்டை அடைந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. தட்டு மாற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வள்ளிநாயகியின் தம்பி முனுசாமி, அப்பா ஸ்தானத்தில் உட்கார்ந்து, எந்தப் பிசகும் இல்லாமல் எல்லாவற்றையும் முடித்திருந்தார். சம்பந்திகள் இரண்டாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரசண்ணன் திட்டு வாங்கத் தயாராக வாசலில் நின்றார். யாரும் திட்டவில்லை. “வந்துட்டீங்களா? சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், கை கழுவிட்டு வாங்க,” என்றார் வள்ளிநாயகி. திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். அன்று கடைசிப் பந்தியில், பரிமாறுகிற பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நிச்சயதார்த்தப் படங்கள் பிறகு அலுவலகத்துக்கு வந்தன. எல்லாவற்றிலும் முனுசாமிதான் நடுவில் இருந்தார். நல்ல களையான முகம்.

இத்தோடு அரசண்ணன் திருந்தினார், நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டினார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அடுத்த மாதம் கம்ப்யூட்டர் படுத்தது. அதே பெருமூச்சு. கைக்கடிகாரம் மேசைக்கு வந்தது. “எல்லாரும் வெளியில நில்லுங்க.” பிறகு ஒரு நொடி நிறுத்தி, “ஜெயா மட்டும் இருக்கட்டும்” என்றார். எங்களுக்கு வியப்பு, அவளுக்கு என்னமோ பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டோம். உள்ளே அவள் அடித்தாள், அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து தேநீர் இரண்டு வந்தது.

ஜெயலெட்சுமி நல்ல பெண். அன்று அவள் சொன்ன பொய், வயதான ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட இரகசியத்துக்கென்று ஒரு ருசி இருக்கிறது. இரண்டாவது மாதம் அவள் எங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்காவது மாதம், கதவைச் சாத்துவதற்கு முன் அவளும் ஒரு பெருமூச்சு விட்டதை என் காதால் கேட்டேன். இந்த வருடம் அரசண்ணன் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஷரீஃபா என்ற பெண் வந்திருக்கிறாள், சுறுசுறுப்பானவள், எதையும் கற்றுக்கொள்ளும் ஆசை உள்ளவள். போன வாரம் நாங்கள் மறுபடி வாசலுக்கு அனுப்பப்பட்டபோது, அவள் வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

“அக்கா, அந்த நம்பர எனக்கும் சொல்லித் தாங்களேன். உங்களுக்கு லீவு வேணும்னா உதவுமில்ல?”

ஜெயலெட்சுமி அன்போடு சிரித்தாள்.

“உனக்கு எதுக்குமா அந்தக் கஷ்டம்? நான் இருக்கேனில்ல.”

உண்மை தெரிந்த நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஷரீஃபாவுக்கு மீரா சாகிப் கடைக்கு ஒரு போன்தான் வேலை. நான் ஏன் சொல்லவில்லை? சத்தியம் செய்து கொடுத்தேனே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அந்த வாசலில் நிற்கும் நான்கு பேரில் எனக்கு மட்டும் தெரியும் என்பது எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அல்லது தெரியுமோ?

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்று இந்நேரம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இருக்கட்டும். உங்களைச் சோதித்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன், செலவில்லாதது. அடுத்த முறை இரண்டு நாள் வெளியூர் போனால், போன இடத்திலிருந்து வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போன் செய்து, “நான் இல்லாம எல்லாம் எப்படி நடக்குது?” என்று கேளுங்கள். “ஒரு குறையும் இல்ல, எல்லாம் நல்லா நடக்குது, நீங்க நிதானமா வாங்க” என்று பதில் வரும். அதைக் கேட்டதும் மனம் நிறைந்து போனை வைத்தீர்களானால், நீங்கள் தப்பித்தீர்கள். ஒருவேளை நெஞ்சுக்குள் எங்கோ ஓரிடத்தில் லேசாகச் சுருக்கென்று தைத்து, “நல்லா பாத்தியா?” என்று இன்னொரு தடவை கேட்டீர்களானால், எங்கள் கூட்டத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது, வாருங்கள், நகர்ந்து உட்காருகிறோம்.